பழைய வீட்டு ஈட்டி உத்தரத்தில் செஸ் போர்டு: எடுத்து வரலாமா, கேஸ் ஆகுமா?

கூடலூர்ப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் வேலை. மர வேலை எனக்குப் பொழுதுபோக்கு. கார் ஷெட்டில் ஒரு பட்டறை மேசை, கொஞ்சம் உளிகள், ஒரு சின்ன டேபிள் சா இருக்கிறது. இதுவரை பலா, வேம்பு, ரப்பர் மரம் தாண்டிப் போனதில்லை.

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் பக்கம் அம்மா வழித் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை மாமா இப்போது பிரிக்கிறார். இரண்டு உத்தரம், வாசல் நிலை, ஒரு பெரிய பெட்டியின் மூடிப் பலகை எல்லாமே ஈட்டி (நம் கடைக்காரர்கள் ரோஸ்வுட் என்பார்கள், தோதகத்தி என்றும் சொல்வதுண்டு). மூடியின் ஓரத்தில் இழைப்புளியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். புகை அப்பிய கறுப்புக்கு அடியில் ஊதா கலந்த காப்பி நிறம், குறுக்கே கறுப்பு வரிகள். கை கூசியது.

கேள்விகள்:

இதைக் கோவைக்குக் கொண்டுவர அனுமதி வேண்டுமா?

அதே தோட்டத்தில் காற்றில் சாய்ந்த ஈட்டி மரம் ஒன்று கிடக்கிறது. நிலம் மாமா பெயரில். அதிலிருந்து ஒரு துண்டு அறுத்துக்கொள்ளலாமா?

செய்யப்போகும் செஸ் போர்டை டொராண்டோவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப முடியுமா?

இன்னொன்று. ஒரு வாட்ஸ்அப் குழுவில் பேனா கடைய ஏற்ற அளவில் செம்மரத் துண்டுகள் விற்கிறார்கள். பில் தரமாட்டார்களாம். வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

---

உளிச்சத்தம்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: அந்தக் குழுவிலிருந்து முதலில் வெளியே வாங்க. மற்றதை வக்கீல் அண்ணன் வந்து சொல்வார்.

உத்தரம் கிடைத்தால் ஒன்று கவனம். பழைய ஈட்டிக்குள் ஆணி முறிந்து கிடக்கும், வெளியே தெரியாது. ஒரு நல்ல காந்தத்தை மரத்தின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்க. டேபிள் சாவில் ஆணி சிக்கினால் பல்லு தெறிச்சு முகத்துக்கு வரும். அதுபோக ஈட்டிக்குள் அங்கங்கே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவு இருக்கும். அதுவே உளி முனையை மழுக்கும். அடிக்கடி சாணை பிடிக்கத் தயாரா இருங்க. தூசி சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் தொந்தரவும் கொடுக்கும், முகக்கவசம் இல்லாம தொடாதீங்க.

---

கோவை வக்கீல்:

கூடலூர்ப் பேரன், உங்கள் முதல் இரண்டு கேள்விகளும் ஒரே மரத்தைப் பற்றியவை, ஆனால் சட்டத்தின் முன் அவை வேறு வேறு. அதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சாய்ந்து கிடக்கும் மரத்தைத் தொடாதீர்கள். தமிழ்நாட்டில் ஈட்டி மரத்துக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் 1995-ல் நடைமுறைக்கு வந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியானாலும் அரசு அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்பதுதான் அதன் சாரம். 15 ஆண்டுக்குப் போட்ட சட்டம், 2010-ல் இன்னொரு 15 ஆண்டு நீட்டினார்கள். “அந்தக் கெடு 2025-ல் முடிஞ்சுது, இனி நம்ம மரம் நம்ம இஷ்டம்” என்று கூடலூர், பந்தலூர் பக்கம் தரகர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நம்பாதீர்கள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட இடமென்றால் 1949-ம் ஆண்டுச் சட்டம். மரத்தை வண்டியில் ஏற்றினால் 1968-ம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள். ஒன்றின் கெடு முடிந்தால் மற்றவை செத்துப்போகாது.

கூடலூருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: நிலம். 1969-ல் வந்த ஜென்ம நில (ஜமீன்போலப் பரம்பரை உரிமை நிலம்) ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் மாட்டிய நிலங்களின் உரிமை விவகாரம் தலைமுறை கடந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. மாமா கையில் இருப்பது முறையான பட்டாவா, அனுபவத்தில் இருக்கும் நிலமா என்று முதலில் பாருங்கள். நிலமே தகராறில் இருந்தால் அதில் சாய்ந்த மரமும் தகராறுதான். சாய்ந்த மரத்தைப் படம் எடுத்து, வனத்துறை ரேஞ்சர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகத் தகவல் கொடுங்கள். அவர்கள் வந்து பார்த்து முடிவு சொல்லட்டும். அதுவரை ஒரு கிளைகூட வேண்டாம்.

வீட்டு உத்தரம் வேறு. கட்டடத்தில் பல்லாண்டாக இருந்த மரத்தை வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் மலை இறங்கும் வழியில் வனத்துறைச் சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்டால் “இது பழைய மரம்” என்று காட்டவேண்டியது நீங்கள். பல மாநிலங்களில் நடைமுறையில் இருக்கும் 1927-ம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 69-வது பிரிவைப் பாருங்கள்: வனப்பொருள் அரசுடையதா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அது அரசின் சொத்தாகவே கருதப்படும். நமக்கு 1882-ம் ஆண்டுச் சட்டம், கேரளத்துக்கு 1961. ஆனால் சாவடியில் நிற்பவர் பார்ப்பது எல்லா இடத்திலும் இதே கண்ணோடுதான். வண்டியையும் சேர்த்துப் பறிமுதல் செய்ய அதிகாரம் உண்டு.

ஆகவே ஆதாரம் சேருங்கள். மரம் கூரையில் இருக்கும்போதே, ஓடு இறக்குவதற்கு முன் படம். வீட்டு வரி ரசீது. மாமா எழுதிக் கொடுக்கும் கடிதம், அதில் ஒவ்வொரு துண்டின் நீளம், அகலம், கனம். இவற்றோடு ரேஞ்சருக்கு ஒரு விண்ணப்பம்.

---

ஓய்வு பெற்ற டிப்போக்காரன்:

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இதுதான் ரொம்ப முக்கியம். உத்தரத்தை அங்கேயே அறுத்துப் பலகையாக்கிக் கொண்டுவராதீங்க. இழைக்கவும் வேண்டாம். பழைய மரத்துக்கு அதன் மேல் இருப்பதுதான் சாட்சி. குறுக்குக் கட்டை மாட்டிய துளை, ஆணி துருப்பிடித்துக் கசிந்த கறுப்பு வட்டம், அடுப்புப் புகை, சுவருக்குள் புதைந்திருந்த முனையில் ஒட்டிய சுண்ணாம்பு. இதெல்லாம் இருந்தால் ரேஞ்சரே ஒரு பார்வையில் சொல்லிடுவார். சுத்தமா இழைச்சு நாலு மூலையும் மட்டம் தட்டிக் கொண்டுபோனா அது புது மரம் மாதிரிதான் தெரியும். அப்புறம் யார்கிட்ட எதைக் காட்டுவீங்க? நீங்க மூடி ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்ததோட நிறுத்திக்கோங்க.

நான் அரசு மர டிப்போவில் பல வருஷம் இருந்தவன். காட்டிலிருந்து வரும் ஒவ்வொரு கட்டைக்கும் வெட்டு முகத்தில் முத்திரைச் சுத்தியல் அடி இருக்கும், எண் இருக்கும். நீளமும் சுற்றளவும் பதிவேட்டில் இருக்கும். ஏலத்தில் எடுத்தவருக்கு அந்த எண் போட்ட பாஸ், அதாவது மரத்தைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு. அவர் மில்லில் அறுத்ததும் முத்திரை போயிடும், அதற்கப்புறம் மரத்தைப் பின்தொடர்வது பில்லும் பாஸும்தான். அதனால பொழுதுபோக்காச் செய்யறவங்க ரெண்டு கன அடி வாங்கினாலும் பில் கேளுங்க. “மரம் ஒரு லாட்” என்று எழுதின பில் பிரயோஜனமில்லை. தேக்கா, ஈட்டியா, என்ன அளவு, எத்தனை துண்டு என்று எழுதி வாங்குங்க. ஈட்டியா இருந்தா அவர் கையில் இருக்கும் பாஸின் நகலும் ஒன்று. தரமாட்டேன்னு சொல்ற கடையில் மரம் வாங்காதீங்க, எவ்வளவு அழகா இருந்தாலும்.

நல்ல தேக்கு நேராக வேணும்னா நிலம்பூர் பக்கத்து அரசு டிப்போ ஏலத்தைப் பாருங்க. 1840-களில் கலெக்டர் கனோலி காலத்தில் நட்ட தேக்குத் தோட்டத்தின் மிச்சம் இன்னும் அங்கே நிற்குது. உலகத்தில் மனுஷன் நட்ட தேக்குத் தோட்டங்களில் பழசு அதுதான் என்பாங்க. சந்தனம் வேணும்னா சத்தியமங்கலம், திருப்பத்தூர், சேலம் அரசுக் கிடங்குகள், கேரளத்தில் மறையூர். சந்தனத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 2002-க்கு முன்னாடி உங்க கொல்லையில் தானா முளைச்ச சந்தனமும் அரசு சொத்து. அந்த வருஷம்தான் நிலத்துக்காரருக்கு உரிமை வந்துச்சு. அப்பவும் வெட்டுறதும் விக்கிறதும் வனத்துறை வழியாத்தான்.

---

சின்னப் பட்டறை:

எனக்கு ஒன்று புரியவில்லை. லாரி லாரியாகக் கடத்துகிறவன் சுதந்திரமாகத் திரிகிறான். ஞாயிற்றுக்கிழமை ஒரு அடிப் பலகையில் செஸ் போர்டு செய்கிறவன் ரேஞ்சர், பட்டா, பாஸ், படம் என்று அலைய வேண்டுமா? சாய்ந்த மரம் அங்கேயே கிடந்து கரையான் தின்னப்போகிறது. அதிலிருந்து ஒரு துண்டு எடுத்தால் எந்தக் காடு அழியும்? வாழ்நாளில் நான் உபயோகிக்கும் ஈட்டி மொத்தமும் ஒரு நாற்காலிக்குக்கூட வராது.

---

கோவை வக்கீல்:

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் முட்டிலில் நடந்ததைப் பாருங்கள். வயநாட்டு முட்டில், கூடலூரிலிருந்து எட்டும் தூரம். 2020 அக்டோபரில் கேரள வருவாய்த்துறை ஓர் உத்தரவு போட்டது. பட்டா கிடைத்த விவசாயிகள் தங்கள் நிலத்தில் தாங்களே நட்ட, தானாக முளைத்த மரங்களை வெட்டிக்கொள்ளலாம் என்பது அதன் நோக்கம். கேட்கும்போது நல்ல உத்தரவு. சில மாதங்களில் அதைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. ஏனென்றால் அதைக் காட்டி அந்த நிலங்களில் வெட்டியது பட்டா கொடுப்பதற்கு வெகுகாலம் முன்பே நின்ற ஈட்டிகளை. அங்கே தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் நான்கையும் ராஜ மரங்கள் என்பார்கள். நிலத்தைக் கொடுத்தாலும் இந்த நான்கையும் அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. 100-க்கும் மேற்பட்ட ஈட்டிகள் போயின. நல்ல விலை வரும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்ட சிறு விவசாயிகளும் பழங்குடிக் குடும்பங்களும் நோட்டீஸ் வாங்கினார்கள்.

பட்டா நிலம், சின்ன அளவு, ஏற்கெனவே சாய்ந்தது. மரம் வெட்டும் தரகர் சொல்லும் வார்த்தைகளும் இவையேதான். உங்கள் துண்டையும் அவருடைய லோடையும் சாவடிக்காரர் எதை வைத்துப் பிரிப்பார்? காகிதத்தை வைத்துத்தான்.

---

சின்னப் பட்டறை:

சரி, காகிதம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சின்ன அளவுக்கு ஒரு சுலப வழி அரசு வைக்க வேண்டும். பழைய கட்டட மரத்துக்கு ஊராட்சி அலுவலகத்திலேயே ஒரு சான்று கொடுத்தால் என்ன? சட்டம் கடினமாக இருக்கும் இடத்தில்தான் ஆட்கள் பின்வாசலைத் தேடுகிறார்கள். இதில் நான் மாறப்போவதில்லை.

---

ஓய்வு பெற்ற டிப்போக்காரன்:

சுலப வழி வேணும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல. மாநிலம் விட்டு மாநிலம் மரம் கொண்டுபோக ஒரே இணையதளத்தில் பாஸ் எடுக்கும் முறையை மத்திய அரசு 2023 டிசம்பர்ல நாடு முழுக்கக் கொண்டுவந்தாங்க. சொந்த நிலத்து மரம் வளர்க்கறவங்களுக்கு அது உதவி. நீங்க சொல்ற பழைய கட்டட மரத்துக்கும் அதுபோல ஒன்று வந்தா நல்லது.

ஆனா கூடலூர்ல கெடுபிடி ஏன் இவ்வளவுன்னு தெரிஞ்சுக்கணும். நாடு முழுக்க வனச் சட்டத்தையே புரட்டிப் போட்ட கோதவர்மன் வழக்கு தொடங்கினது கூடலூர்க் காட்டிலிருந்துதான். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்ப் பக்கம் காடு வெட்டி லாரியில் போறதைப் பொறுக்க முடியாம 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, அரசுப் பதிவேட்டில் இருக்கோ இல்லையோ, அகராதிப் பொருளில் காடு என்பதெல்லாம் காடுதான் என்றது. அனுமதியில்லாத அறுவை மில்கள் எத்தனையோ அதோட மூடினாங்க. நாங்க டிப்போவில் அதை நேரில் பார்த்தோம். அதுக்கு முன்னாடி இருந்த வேகத்தில் போயிருந்தா இன்னைக்கு ஈட்டி சாய்ந்து கிடக்குன்னு கேள்வி கேக்க மரமே இருந்திருக்காது. ஈட்டி ரொம்ப மெதுவா வளர்ற மரம் தம்பி. நல்லா வைரம் பாய்ந்த உத்தரம் ஒன்று கிடைக்கணும்னா உங்க தாத்தாவோட தாத்தா காலத்தில் முளைச்சிருக்கணும்.

---

கடைசல் கை:

செம்மரக் கேள்விக்கு வருகிறேன், நான் கடைசல் வேலை செய்பவன்.

செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே ஆந்திரத்தின் தெற்குக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் அதை ஒட்டிய கொஞ்சம் இடத்திலும்தான்: சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா. தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கனம். 1995-லிருந்து, அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் (அனுமதியோடு மட்டும் வணிகம்) இருக்கிறது. 2022-ல் திருத்திய வன உயிரினச் சட்டம் அந்தப் பட்டியலை நம் நாட்டுச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. பட்டா நிலத்தில் வளர்த்த செம்மரம் உண்டு, வேலூர், திருவள்ளூர் பக்கம் நட்டிருக்கிறார்கள். அது அனுமதியோடு வெட்டி, பாஸோடு வரும். பாஸ் இல்லாத துண்டு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசிக்க அதிக நேரம் வேண்டாம்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் நம்மூர் ஆட்கள், பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி பக்கத்து மலைக் கிராமத்துக் கூலிகள். மரத்தை வெட்டிச் சுமக்கப் போனவனுக்குக் கிடைப்பது கூலி. குண்டும் அவனுக்குத்தான். சீனாவிலும் ஜப்பானிலும் அதை வாங்குகிறவன் பெயர் யாருக்கும் தெரியாது. பேனா கடைய அழகான சிவப்புக் கட்டை என்று குழுவில் படம் போடும்போது எனக்கு அந்தச் செய்தித்தாள் முதல் பக்கம்தான் ஞாபகம் வருகிறது. என் கடைசலில் அது ஏறாது.

இன்னொரு விஷயம், குழுக்களில் விற்பதில் பாதி செம்மரமே இல்லை. செம்மரத்தின் சாயம் தண்ணீரில் இறங்காது, ஸ்பிரிட்டில் இறங்கும். துண்டை நனைத்த வெள்ளைத் துணி சிவந்தால் அது சாயம் ஏற்றிய வேறு மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். கருங்காலி மாலைக்கும் இதே கதி. மாலை மோகம் வந்த பிறகு கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்த வேறு கட்டைகள் கருங்காலி விலைக்குப் போகின்றன. மணியை ஒரு ரம்பத்தால் குறுக்கே அறுத்தால் உள்ளே வெளுப்பு தெரியும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பெங்களூரில் மர அறிவியல் நிறுவனம் இருக்கிறது. துண்டு அனுப்பினால் கட்டணம் வாங்கிக்கொண்டு என்ன மரம் என்று எழுத்தில் தருவார்கள்.

---

வன்னிப் பாலை:

வணக்கம் அண்ணை. நான் கிளிநொச்சி. இஞ்சையும் இதே கதைதான். எங்களுக்கு ஈட்டி இல்லை, முதிரையும் பாலையும் கருங்காலியும். யுத்தம் முடிஞ்ச பிறகு வீடு கட்டுற வேகத்தில வன்னிக் காட்டு முதிரைக் குற்றிகள் இரவில ஏறிப் போனதை ஊரே பார்த்தது. சொந்தக் காணியில நிக்கிற மரத்தைத் தறிச்சாலும் ஏத்திக்கொண்டு போக பெர்மிட் வேணும். பனை தறிக்கவும் அனுமதி எடுக்க வேணும், யாழ்ப்பாணத்தில அதில கொஞ்சம் கறார்.

நான் சின்னச் சின்னப் பெட்டி, கரண்டி செய்யிறனான். பெரும்பாலும் பழைய கதவு, யன்னல் மரம். மரக்காலையில புது முதிரை கேட்டால் பெர்மிட் நம்பரைப் பில்லில போட்டுத் தாறவரிட்டை மட்டும் வாங்குவன். அப்படிப்பட்ட ஆள் ஒராள்தான் கிட்டடியில இருக்கிறார். விலை கூட. ஆனால் நான் செய்த பெட்டியை ஒரு ஆளுக்குப் பரிசாக் குடுக்கேக்க மனம் உறுத்தாது.

பூவரசு பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கட வேலி முழுக்க நிக்கிற மரம். முத்தின பூவரசின்ர நடு வைரத்தை ஒருக்கா இழைச்சுப் பாருங்கோ.

---

கடைசல் கை:

பூவரசு! நன்றி. இதைச் சொல்லத்தான் வந்தேன், செம்மரத்தில் நேரம் போய்விட்டது.

முற்றிய பூவரசின் வைரம் ஈட்டிக்கு மிக அருகில் வரும். கருஞ்சிவப்பு, காப்பி, இடையில் ஊதாச் சாயல். பசிபிக் தீவுகளில் கிண்ணம் கடையவும் சிலை செதுக்கவும் இதைத்தான் காலங்காலமாக எடுத்தார்கள். எண்ணெய் ஏற்றியதும் பார்ப்பவர்கள் ரோஸ்வுட்டா என்று கேட்பார்கள். குறை என்னவென்றால் நேரான நீளம் கிடைக்காது. செஸ் போர்டுக்கும் பெட்டிக்கும் அதனால் பாதகமில்லை.

வாகை இன்னொன்று. வெளிநாட்டுக்காரர்கள் இதைக் கிழக்கிந்திய வால்நட் என்றே விற்றார்கள். பெரிய பலகை கிடைக்கும், அறுக்கும்போது தூசி மூக்கைக் காரும். புளியின் நடு வைரம் கறுத்து இரும்பு மாதிரி இருக்கும், கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) செய்ய அதைவிட நல்ல மரம் நான் பார்த்ததில்லை.

நான் இப்போது அதிகம் கடைவது சீமைக் கருவேலம். சிரிக்காதீர்கள். விறகுக்கும் கரிக்கும் போகிற மரம்தான். ஆனால் அடிமரம் ஒரு சாண் குறுக்களவு தேறினால் உள்ளே சாக்லேட் நிற வைரம் இருக்கும். காயும்போது மற்ற மரங்களைவிட மிகக் குறைவாகச் சுருங்கும், கோணாது. கட்டை வளைந்தும் பொந்தோடும்தான் வரும், ஒரு முழ நீளம் நேராகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். முள் குத்தினால் சீழ் பிடிக்கும், தடித்த கையுறை போடுங்கள். இதை வேரோடு எடுக்கச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் கரி மூட்டம் போடுகிறவர்களிடம் சொல்லிவைத்தால் தடித்த அடிக்கட்டையை எடுத்து வைப்பார்கள்.

நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்காரர்களைப் பாருங்கள். ஆச்சா மரத்தில்தான் குழல் கடைவார்கள். புது மரத்தைவிடப் பழைய வீடு இடித்த உத்தரத்தைத் தேடி எடுப்பார்கள், காய்ந்து அடங்கிய மரத்தில்தான் நாதம் நிற்கும் என்று. பழைய மரம் என்பது இரண்டாம் தரம் இல்லை என்பதற்கு அவர்களைவிடச் சாட்சி வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பிரித்த வீடுகளின் பர்மா தேக்கு தூண், நிலை, கதவு எல்லாம் கிடைக்கும். அங்கேயும் பில் வாங்குங்கள்.

---

ஸ்கார்பரோ தச்சன்:

மூன்றாவது கேள்விக்கு நான் சொல்லுறன், இஞ்ச பார்சல் எடுத்த அனுபவம் இருக்கு.

ஈட்டி தால்பெர்ஜியா இனம். பிரேசில் ரோஸ்வுட் 1992-லேயே சைட்டிஸ் முதல் பட்டியலுக்குப் போயிட்டுது, வணிகமே இல்லை. மிச்ச தால்பெர்ஜியா எல்லாத்தையும் 2016-ல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில இரண்டாம் பட்டியலில சேர்த்தவை, 2017 ஜனவரி 2-ல இருந்து நடைமுறை. உங்கட நாட்டில கூடை கூடையாய்க் கிடைக்கிற, அதே இனத்து ஷீஷம் மரமும் இதுக்குள்ள மாட்டுப்பட்டு ஏற்றுமதிக்காரர் தவிச்சுப் போச்சினம். கிட்டார், வீணை தூக்கிக்கொண்டு போற கலைஞர்களும் அல்லல்பட்டினம். 2019-ல் ஜெனீவா மாநாட்டில, செய்து முடிஞ்ச இசைக் கருவிகளுக்கு விலக்குக் குடுத்தவை. முடிஞ்ச பொருளில அந்த மரத்தின்ர எடை 10 கிலோவுக்குள்ள இருந்தால் சைட்டிஸ் அனுமதி தேவையில்லை. 2022-ல் பனாமாவில அதை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக் கணக்கெடுக்கலாம் எண்டு தெளிவாக்கினவை, ஷீஷம் ஆட்களுக்கு மூச்சு வந்தது.

அதனால செஸ் போர்டாச் செய்து, மெருகேத்தி, முழுப் பொருளா அனுப்பினால் அந்த விலக்குக்குள்ள வரும். பலகையா, வெனீரா, “அக்கா வீட்டில ஒட்டிக்கொள்ளட்டும்” எண்டு சதுரங்களா அனுப்பினால் விலக்கு இல்லை. முடிஞ்ச பொருளுக்கும் அறுத்த மரத்துக்கும் சுங்கத்தில இருக்கிற இடைவெளி சின்னதில்லை. கிப்சன் கிட்டார் கொம்பனிக்கு அமெரிக்காவில நடந்தது தெரியும்தானே? 1900-ம் ஆண்டு லேசி சட்டத்தை 2008-ல் மரங்களுக்கும் விரிச்சவை. 2009-ல் மடகாஸ்கர் கருங்காலிக்காக ஒரு சோதனை, 2011-ல் இந்தியாவில இருந்து போன ஈட்டி, கருங்காலி விரற்பலகைத் துண்டுகளுக்காக இன்னொரு சோதனை. இந்திய மரத்தில வந்த கேள்வியே அது முடிஞ்ச பாகமா, அறுத்த மரமா எண்டதுதான். 2012-ல் 3,00,000 டொலர் தண்டம் கட்டி முடிச்சினம், இந்திய மரம் திரும்பக் கிடைச்சது. அவ்வளவு பெரிய கொம்பனிக்கே அப்படி.

பார்சலில மரத்தின்ர தாவரப் பெயர், எடை, “பழைய கட்டட மரத்தில் செய்தது” எண்டு எழுதி, ரேஞ்சர் குடுத்த காகிதத்தின்ர பிரதியும் வையுங்கோ. அக்கா ஊருக்கு வரேக்க கையில குடுத்துவிட்டாலும் அந்தப் பிரதி பெட்டிக்குள்ள இருக்க வேணும்.

---

கூடலூர்ப் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன்.

ரேஞ்சர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். ஓடு இறக்குவதற்கு முன் எடுத்த படங்களும் வீட்டு வரி ரசீதும் இருந்ததால் பேச்சு சுலபமாக முடிந்தது. ஒரு வனக்காவலர் வந்து துண்டு துண்டாக டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டார். உத்தரத்தின் துளைகளையும் சுண்ணாம்பு ஒட்டிய முனையையும் தொட்டுப் பார்த்தார், டிப்போ ஐயா சொன்னபடியே. ரேஞ்சரின் கடிதம் வந்ததும் ஏற்றிவிடுவேன். சாய்ந்த மரத்துக்குத் தனி மகஜர் எழுதியிருக்கிறார்கள். அது அரசு முடிவுக்குப் போகும் என்றார், நாங்களும் தொடப்போவதில்லை. நிலப் பத்திரத்தை மாமா வக்கீல் சாரிடம் காட்ட விரும்புகிறார். தனிச்செய்தி அனுப்புகிறேன் சார்.

இப்போது வேலைக் கேள்வி. கறுப்புக் கட்டம் ஈட்டி. வெள்ளைக் கட்டத்துக்கு எது? இரண்டையும் கெட்டிப் பலகையாகவே ஒட்டலாமா?

---

உளிச்சத்தம்:

வெள்ளைக்கு மஞ்சக்கடம்பு பாருங்க தம்பி. ரேகை நெருக்கம், ஓரம் பிசிறாது, ஈட்டிக்குப் பக்கத்தில் நல்லா எடுத்துக் காட்டும். கிடைக்கலைன்னா ரப்பர் மரம் போதும்.

---

கடைசல் கை:

கெட்டிப் பலகையில் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஈட்டி பல்லாண்டு காய்ந்து அடங்கிய மரம், வெள்ளை மரம் புதுசு. மழைக்காலத்தில் இரண்டும் வெவ்வேறு அளவு விரியும், டொராண்டோ குளிர்கால ஹீட்டரில் வெவ்வேறு அளவு சுருங்கும். ஒட்டு விட்டுவிடும்.

இரண்டையும் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டைகளாக அறுங்கள். கறுப்பு, வெள்ளை மாற்றி மாற்றி எட்டுப் பட்டை ஒட்டி, காய்ந்ததும் குறுக்கே எட்டாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி ஒட்டுங்கள். அதை 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒட்டி, அடியிலும் அதே கனத்தில் ஏதாவது ஒரு மரப்பட்டை ஒட்டிவிடுங்கள், அப்போதுதான் பலகை வளையாது. ஈட்டியில் எண்ணெய் இருக்கும். பசை தடவுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் ஒட்டுமுகத்தைத் துடையுங்கள். சுற்றி வரும் மரச்சட்டத்தைப் பலகையோடு பசை போட்டு இறுக்காமல் காடியில் (பள்ளத்தில்) உட்கார வையுங்கள்.

அறுக்கும்போது விழும் ஈட்டி ஓரத் துண்டுகளை வீசாதீர்கள். நாலு சிறு துண்டு சேர்த்தால் ராஜா, ராணிக்கு அடிப்பீடம் கடையலாம். நான் கடைந்து தருகிறேன், அனுப்பும்போது அந்த ரேஞ்சர் கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.